கிட் மட்டும் மாத்தினா போதும் சார்!

பழைய கார் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீங்க. பிரேக் பெடல் கொஞ்சம் இறங்குது, இல்லைன்னா கிளட்ச்ல எண்ணெய் கசியுதுன்னு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா, பானெட்டைக்கூடத் தூக்கிப் பார்க்காம பதில் வரும். "கிட் மட்டும் மாத்தினா போதும் சார்."

என்னைக் கேட்டா, நம்ம ஊர் பழைய கார் உலகத்துல புழங்குற பொய்கள்லயே ஆபத்தானது இதுதான். இது பொய்னு சொல்றவருக்கே பாதி நேரம் தெரியறதில்லைங்கறது இன்னும் கொடுமை. ரொம்ப நாளா மனசுக்குள்ள புகைஞ்சுக்கிட்டிருந்த விஷயம். இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பொறுத்துக்கோங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். மெக்கானிக் இல்லை. ஞாயித்துக்கிழமை ஆனா ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்து, வீட்டுல திட்டு வாங்குற சாதாரண ஆசாமி. என்கிட்ட இருக்கிறது 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்ட். இங்கிலாந்துல 1959-ல ட்ரையம்ஃப் ஹெரால்ட்ங்கிற பேர்ல வந்த வண்டி. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர், ஜியோவான்னி மிகெலோட்டி. 1961-லிருந்து நம்ம மெட்ராஸ்லயே செஞ்சாங்க. அந்த வண்டியோட பெரிய அழகே அதோட பானெட்தான். முன்பக்கம் மொத்தமும், மட்கார்டோட சேர்ந்து, அப்படியே முன்னால கவிழும். என்ஜின், சஸ்பென்ஷன், முன்சக்கரம் எல்லாம் தட்டுல வெச்ச மாதிரி தெரியும். டிரைவர் காலுக்கு நேரா ரெண்டு சின்ன சிலிண்டர் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும். ஒண்ணு பிரேக்குக்கு, ஒண்ணு கிளட்ச்சுக்கு. அதாவது, "பார்க்க முடியலை சார்"ங்கிற சாக்கு ஹெரால்ட்காரனுக்குக் கிடையாது :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

பிரேக்னு நாம சொல்றது என்ன? நாம பெடலை மிதிக்கிறோம். பெடல் ஒரு கம்பியைத் தள்ளுது. கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனைத் தள்ளுது. பிஸ்டன் முனையில ஒரு ரப்பர் வாஷர். அந்த வாஷர் சிலிண்டரோட உள்சுவத்தை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு எண்ணெயைக் குழாய்க்குள்ள நெருக்குது. அந்த அழுத்தம் நாலு சக்கரத்துக்கும் போய், அங்க இருக்கிற வீல் சிலிண்டர்கள் ஷூவை டிரம்மோட அழுத்துது. வண்டி நிக்குது. கிளட்ச்சும் இதே கதைதான். அங்க மாஸ்டர் ஒண்ணு, கியர்பாக்ஸ் பக்கத்துல ஸ்லேவ் சிலிண்டர் ஒண்ணு, நடுவுல ஒரு குழாய்.

இப்போ யோசிங்க. ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு, அதுக்குள்ள நம்ம குடும்பம். இது மொத்தத்தையும் நிறுத்துறது காசு அளவுள்ள ஒரு ரப்பர் துண்டும், அது உரசிக்கிட்டு ஓடுற இரும்புச் சுவரும். ரப்பர் புதுசா இருந்து சுவர் சொறி புடிச்சிருந்தா என்ன ஆகும்? கிட் வியாபாரம் நம்மகிட்ட மறைக்கிறது இந்தக் கேள்வியைத்தான்.

பிரேக் ஆயில்னு நாம வாங்குறது நிஜத்துல எண்ணெயே இல்லை. கிளைக்கால் ஈதர் வகை திரவம். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கிறது அதோட சுபாவம். ரப்பர் ஹோஸ் வழியா, மூடியில இருக்கிற காத்து ஓட்டை வழியா, வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி உள்ள சேரும். மெட்ராஸ் மாதிரி கடலோர ஊர்ல கேக்கவே வேண்டாம். தண்ணி சேர்ந்தா ரெண்டு கேடு.

முதல் கேடு, கொதிநிலை இறங்கும். டாட் 3 ரகம் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. அதுல 3.7 சதவீதம் தண்ணி கலந்துட்டா, தரக்கட்டுப்பாடு கேக்குற எல்லை வெறும் 140 டிகிரி. டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலையில பிரேக்கை அழுத்திக்கிட்டே இறங்கிப் பாருங்க, டிரம் என்ன சூடு ஆகும்னு. எண்ணெய் கொதிச்சா ஆவி. ஆவியை நசுக்கலாம், எண்ணெயை நசுக்க முடியாது. அதனால பெடல் மெத்தை மாதிரி அமுங்கும், வண்டி பாட்டுக்குப் போகும். கீழ வந்து ஆறினதும் பிரேக் பழையபடி புடிக்கும். மெக்கானிக்கிட்ட காட்டினா "நல்லாத்தானே சார் இருக்கு"ம்பார்.

ரெண்டாவது கேடுதான் நம்ம தலைப்பு. தண்ணி சேர்ந்த எண்ணெய் சிலிண்டர் சுவத்தை அரிக்கும். அதுவும் எங்க? வண்டி நிக்கும்போது பிஸ்டன் எந்த இடத்துல ஓய்வெடுக்குதோ அதை ஒட்டியும், சிலிண்டரோட அடிப்பக்கத்துலயும். அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி. இதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆகும். ஆனா குழி போகாது. குழி போற வரைக்கும் தேய்ச்சா துளை பெருசாயிடும். பெருசான துளைக்குள்ள பழைய அளவு வாஷர் எப்படி இறுகப் புடிக்கும்? குழியை அப்படியே விட்டா, புது வாஷரோட உதடு ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் குழி விளிம்புல உரசி உரசிக் கிழியும். எப்படிப் பார்த்தாலும் கிட் காசு தண்டம். தண்டமா போனாக்கூடப் பரவாயில்லை. அது கொடுக்கிற தைரியம்தான் ஆபத்து.

ஒரு நியாயமும் சொல்லிடறேன். கிட்டே கூடாதுன்னு நான் சொல்லலை. சிலிண்டரைக் கழட்டி, கழுவி, வெளிச்சத்துல காட்டிப் பார்த்து, உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தா, நகத்தை வெச்சு ஓட்டும்போது எங்கயும் தட்டாம இருந்தா, தாராளமா கிட் போடுங்க. ஆனா அந்த முடிவை எடுக்க வேண்டியது கழட்டிப் பார்த்த பிறகு. பானெட்டைத் திறக்குறதுக்கு முன்னால சொல்றதுக்குப் பேர் முடிவு இல்லை, ஜோசியம்.

இதுல நான் பட்ட கதை ஒண்ணு இருக்கு. பட்டறை பேர் வேண்டாம். பழைய கார் வேலைக்குன்னு ஊர்ல கொஞ்சம் பேர் வாங்கின இடம்தான். "மாஸ்டர் சிலிண்டர் புதுசு போடுங்க, கிட் வேண்டாம்"னு தெளிவா சொல்லி, காசும் கொடுத்து வண்டியை விட்டேன். பில்லுல "மாஸ்டர் சிலிண்டர் - 1"னு அழகா எழுதியிருந்தாங்க. வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. மூணு மாசம் கழிச்சு ஒரு சிக்னல்ல பிரேக்கை மிதிச்சுக்கிட்டு நிக்கிறேன், பெடல் மெதுவா, ரொம்ப மரியாதையா, கீழ இறங்குது. விட்டு மறுபடி மிதிச்சா புடிக்குது. அப்புறம் மறுபடியும் இறங்குது. எண்ணெய் அளவைப் பார்த்தா ஒரு சொட்டுக்கூடக் குறையலை. வெளிய கசிவும் இல்லை.

இந்த அறிகுறியை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. எண்ணெய் குறையாம பெடல் இறங்கினா, அழுத்தம் வாஷரைத் தாண்டி சிலிண்டருக்குள்ளயே பின்னால நழுவுதுன்னு அர்த்தம். அவசரமா ஓங்கி மிதிச்சா புடிக்கும், நிதானமா மிதிச்சா நழுவும். ஓட்டிப் பார்க்குற மெக்கானிக்கு எல்லாம் சரியா இருக்கிற மாதிரியேதான் தெரியும்.

வீட்டுல நானே கழட்டினேன். உள்ள இருந்தது அதே பழைய சிலிண்டர். வெளிய கறுப்பு பெயின்ட், உள்ள உப்புத்தாள் கோடு, நடுவுல புது வாஷர். எடுத்துக்கிட்டுப் போய், "அண்ணே, நான் புதுசுதானே போடச் சொன்னேன்?"னு கேட்டா, அவர் அசரவே இல்லை. "சார், அது அந்தக் காலத்து இரும்பு சார். இப்போ வர்றதெல்லாம் தகரம். உங்க நல்லதுக்குத்தான் அதையே வெச்சோம்." பில்லுல எழுதினதும் என் நல்லதுக்குத்தான் போல :-(

"அந்தக் காலத்து இரும்பு"ங்கிற இந்த மந்திரம் இருக்கே, அதை மெக்கானிக் மட்டும் சொல்லலை. நம்ம ஆளுங்களும் சொல்றாங்க. பழைய கார் கூட்டத்துக்குப் போனா அத்தனை பேரும் இதையே பாடுவாங்க. அதனால இனி சண்டை நமக்குள்ளதான். ஒவ்வொரு வாதமா எடுத்துக்கறேன்.

வாதம் ஒண்ணு: "வண்டி ஒரிஜினலா இருக்கணும்."

ஒரிஜினல் மேல எனக்கும் ஆசை உண்டு. ஸ்டியரிங் சக்கரத்தை மாத்தச் சொன்னா நானே அடிக்க வருவேன். ஆனா வாஷரும் ஹோஸும் தேய்மானப் பொருள். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தப்போ போட்டிருந்த டயர்ல இன்னும் ஓட்டுறீங்களா? அந்தக் காலத்து என்ஜின் ஆயிலா ஊத்துறீங்க? அப்போ பிரேக் ரப்பருக்கு மட்டும் என்ன பூஜை?

சட்டத்தைக் காட்டி பயமுறுத்துறவங்களும் இருக்காங்க. 2021-ல மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குன்னு தனிப் பதிவு விதி கொண்டு வந்துச்சு. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு நம்பர் பிளேட்ல "வி.ஏ." எழுத்து. வண்டி அசல் வடிவத்துல இருக்கணும்னு அதுல இருக்கிறது உண்மைதான். ஆனா பெரிய மாற்றம்னு அந்த விதி பேர் சொல்லிக் குறிப்பிடுறது சேசிஸ், பாடி, என்ஜின் இதையெல்லாம். அதே அளவுல புது பிரேக் சிலிண்டர் போட்டா வண்டியோட பழமை போயிடும்னு எங்கயும் எழுதலை. பிரேக் புடிக்காத வண்டிக்கு எந்த எழுத்து போட்ட பிளேட் மாட்டினாலும் அது நிக்கப் போறதில்லை.

வாதம் ரெண்டு: "மாசத்துக்கு ரெண்டு தடவைதான் எடுக்குறேன், என்ன தேஞ்சுடப் போகுது?"

இது தலைகீழான கணக்கு. தினமும் ஓடுற வண்டியில பிஸ்டன் நகர்ந்துக்கிட்டே இருக்கும், வாஷர் நனைஞ்சுக்கிட்டே இருக்கும். நிக்கிற வண்டியிலதான் பிஸ்டன் ஒரே இடத்துல உக்காந்து, அங்கயே துரு புடிக்கும். ஈரம் இழுக்குறதுக்கு வண்டி ஓட வேண்டியதே இல்லை, சும்மா நின்னாலே போதும். கவர் போட்டு மூடி வெச்சா பெயின்ட் தப்பிக்கும். பிரேக் சிலிண்டருக்கு கவர் தெரியாது.

இதுல இன்னொரு கண்ணி. ரொம்ப நாள் நின்ன வண்டிக்கு ஏர் எடுக்குறேன்னு பெடலை அடி வரைக்கும் மிதிப்பாங்க. வழக்கமா பாதி தூரம் மட்டுமே போய் வர்ற வாஷர், முதல்முறையா துரு புடிச்ச அடிப்பகுதிக்குள்ள போகும். போய் உதட்டைக் கிழிச்சுக்கிட்டு திரும்பும். "ஏர் எடுக்குற வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு, எடுத்த பிறகுதான் பிரேக் போச்சு"ன்னு புலம்புற பல பேரோட மர்மம் இதுதான். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டையை வெச்சு மிதிச்சா அது கீழ வரைக்கும் போகாது. காசே செலவில்லாத வைத்தியம்.

வாதம் மூணு: "எங்கிட்ட பழைய ஸ்டாக் இருக்கு, பெட்டிகூடப் பிரிக்கலை."

புதுப்பேட்டையிலயும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுலயும் அலைஞ்சு, மஞ்சளாகிப் போன பெட்டியில தூங்கிக்கிட்டிருந்த கிட்டை வாங்கிட்டு வந்து புதையல் கிடைச்ச மாதிரி காட்டுவாங்க. இரும்புச் சாமான்னா நானும் கைதட்டுவேன். ஆனா ரப்பர் பெட்டிக்குள்ள இருந்தாலும் வயசாகும். இறுகும், வெடிக்கும், வளைவு போயிடும். முப்பது வருஷத்துக்கு முன்னால செஞ்ச வாஷர் புது வாஷர் கிடையாது, ஓடாத பழைய வாஷர். மியூசியத்துல வைங்க, பிரேக்ல வைக்காதீங்க.

வாதம் நாலு: "சாமானே கிடைக்கிறதில்லையே."

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தேடினா இன்னும் கிடைக்குது. ஹெரால்டுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா ட்ரையம்ஃப் வண்டிகளுக்கு இங்கிலாந்துல இன்னிக்கும் புதுசா சிலிண்டர் செஞ்சு விக்கிறாங்க, வரவழைக்கலாம். அதுவும் முடியலைன்னா, பழைய சிலிண்டரைப் பெருசாக் கடைஞ்சு, உள்ள பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுல ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே துளை கொண்டு வரலாம். நல்ல லேத் ஆள் கிடைச்சா செய்யக்கூடிய வேலை. எண்ணெய் போற துளையை ஸ்லீவ்ல சரியா அதே இடத்துல போடணும், அவ்வளவுதான் ரகசியம். வெளிய ஒரிஜினல், உள்ள துருவே புடிக்காது. ஒரிஜினல் பக்தர்களுக்கும் இதைவிட நல்ல பிரசாதம் ஏது?

கிடைக்கலைன்னு வேற வண்டி சிலிண்டரை மாட்டுறதுதான் தப்பு. "இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார், கொஞ்சம்தான் பெருசு"ன்னு சொல்லுவாங்க. ஐந்தெட்டாம் அங்குலம் இருந்த இடத்துல முக்கால் அங்குலம் போட்டா வித்தியாசம் பார்க்க விரல் நுனி அளவுகூட இல்லை. ஆனா பரப்பு கணக்குல முக்கால் அங்குலம் 1.44 மடங்கு. அதே அழுத்தம் வரணும்னா கால் 44 சதவீதம் கூடுதலா மிதிக்கணும். எங்க வண்டியில பிரேக் பூஸ்டரும் கிடையாது, எல்லாம் கால் பலம்தான். வீட்டுல பெரியவங்க யாராச்சும் அந்த வண்டியை ஓட்டுறாங்களா, ஒரு நிமிஷம் யோசிங்க.

வாதம் அஞ்சு: "எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் ஓட்டுறோம்."

உங்கப்பா ஓட்டினப்போ வண்டி புதுசு சாமி. ரோடும் காலி. இன்னிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல உங்களுக்கு முன்னால போறவன்கிட்ட டிஸ்க் பிரேக், ஏ.பி.எஸ். எல்லாம் இருக்கு. அவன் சட்டுன்னு நிப்பான். உங்ககிட்ட நாலு டிரம்மும் ஒரே ஒரு எண்ணெய் வழியும்தான். அமெரிக்காவுல 1968-லேயே பிரேக்கை ரெண்டு தனி வழியா பிரிக்கணும்னு கார்களுக்குக் கட்டாயமாக்கிட்டாங்க, ஒரு வழி போனா இன்னொண்ணு காப்பாத்தட்டும்னு. என் ஹெரால்ட் மாதிரி வண்டியில அந்த வசதி இல்லை. நாலு சக்கரத்துல எங்க ஒரு ஹோஸ் வெடிச்சாலும் நாலுக்கும் பிரேக் காலி. மிச்சம் இருக்கிறது கம்பியில இழுக்குற ஹேண்ட்பிரேக் மட்டும். ஒரே கயித்துல தொங்குறவன் அந்தக் கயிறு புதுசா இருக்கான்னு மத்தவங்களைவிட அடிக்கடி பார்க்கணுமா வேண்டாமா?

ஹோஸ்னதும் ஞாபகம் வருது. கிட்டுல ஹோஸ் வராது, இரும்புக் குழாயும் வராது. அதனால அதை யாரும் நினைக்கிறதே இல்லை. ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா இருந்து உள்ள வீங்கி அடைச்சுக்கும். மிதிக்கும்போது எண்ணெய் போகும், விட்டா திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் உரசிக்கிட்டே ஓடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதுக்கு ஷூவை மாத்துவாங்க, டிரம்மைக் கடைவாங்க, வீல் அலைன்மென்ட் பண்ணுவாங்க. ஹோஸ் மட்டும் அப்படியே இருக்கும். இரும்புக் குழாயோ கிளிப் புடிச்சிருக்கிற இடத்துக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாம துருப்பிடிக்கும். மாத்தும்போது செம்பு-நிக்கல் கலந்த குழாய் போடுங்க, துரு புடிக்காது. ஏ.சி. மெக்கானிக்கிட்ட கிடைக்கிற வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வுல இறுகி விரிசல் விடும்.

இன்னொரு எமன் இருக்கான், மரை. பிரிட்டிஷ் வண்டியில குழாய் நட்டு எட்டுல மூணு அங்குலம், யூ.என்.எஃப். மரை. நம்ம கடையில சுலபமா கிடைக்கிறது எம் 10, மெட்ரிக். ஒண்ணு 9.5 மில்லி, இன்னொண்ணு 10 மில்லி. அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள்ள லூசா போய், கடைசியில கொஞ்சம் புடிச்ச மாதிரி பாவ்லா காட்டும். கசியவும் கசியாது. என்னிக்கு ஓங்கி மிதிக்கிறீங்களோ அன்னிக்குக் கழண்டு வரும். ஓங்கி மிதிக்கிறது எந்த நாள்ல? யாராவது குறுக்க ஓடி வர்ற நாள்ல.

கிளட்ச்சைப் பத்தி ஏன் தனியா பேசலைன்னு கேக்கலாம். கிளட்ச் போனா உயிர் போகாதுன்னு அதைக் கண்டுக்காம ஓட்டுறவங்க நிறைய. பெடலை மூணு தடவை அடிச்சுக் கியர் போட்டுக்கிட்டே மாசக்கணக்குல ஓட்டுவாங்க, அதை ஒரு திறமையா பெருமை வேற பேசுவாங்க. ஐயா, கிளட்ச்சுல இருக்கிற ரப்பரும் பிரேக்ல இருக்கிற ரப்பரும் பெரும்பாலும் ஒரே வயசு, ஒரே எண்ணெய், ஒரே வெயில். கிளட்ச் முதல்ல அழுதா, அது பிரேக் அனுப்பின தந்தி. ஸ்லேவ் சிலிண்டரோட தூசி ரப்பரை விலக்கிப் பாருங்க. உள்ள ஈரமா இருந்தா, அன்னிக்கே நாலு டிரம்மையும் கழட்டிப் பார்த்துடுங்க.

எண்ணெய் விஷயத்துல நடக்கிற கூத்துக்குத் தனிப் பதிவே போடலாம். வாஷரை பெட்ரோல்ல கழுவுறது, சாதா கிரீஸ் தடவி மாட்டுறது, அவசரத்துக்கு ஏதோ ஒரு எண்ணெயை ஊத்துறது. பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் எல்லாம் கனிம எண்ணெய். பிரேக் ரப்பர் அதுல ஊறினா இட்லி மாதிரி உப்பும். உப்பின வாஷர் மாஸ்டருக்குள்ள எண்ணெய் திரும்பி வர்ற வழியை அடைச்சிடும். பிரேக் புடிச்சுக்கிட்டே நிக்கும், விடாது. அப்படி ஒரு தடவை ஊத்திட்டா, சிஸ்டத்துல இருக்கிற அத்தனை ரப்பரும் குப்பை. கழுவ மெத்திலேட்டட் ஸ்பிரிட், மாட்ட சிவப்பு ரப்பர் கிரீஸ். ரெண்டும் தங்க விலை இல்லை.

டாட் 5-க்கும் டாட் 5.1-க்கும் நடுவுல இருக்கிற புள்ளியையும் கவனிங்க. 5.1 நம்ம வழக்கமான கிளைக்கால் ஜாதி. 5 சிலிகான் ஜாதி. ரெண்டையும் கலக்கக் கூடாது. நம்பர் பெருசா இருந்தா நல்ல சாமான்னு வாங்கி ஊத்துறவங்க தயவுசெஞ்சு டின்னைத் திருப்பிப் படிச்சுட்டு ஊத்துங்க.

இப்போ கடைசி வாதம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது இதுதான். காசு.

மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டு நான் நல்லவனாயிட முடியாது. அவர் ஏன் கிட் போடுறார்? நாமதான் பேரம் பேசுறோம். பெயின்ட் அடிக்க லட்சத்துல எண்ணிக் கொடுக்கிறோம். குரோம் முலாம் போட டெல்லி வரைக்கும் பம்பர் அனுப்புறோம். சீட் தைக்க அசல் தோல் தேடுறோம். "பிரேக் முழுசா மாத்தணும், ஹோஸ், பைப், சிலிண்டர் எல்லாம்"னு ஒரு நல்ல மெக்கானிக் சொன்னா மட்டும், "என்னண்ணே ஏமாத்தப் பாக்குறீங்களா?"ன்னு கேக்குறோம். முழுசா மாத்தச் சொன்னவர் தொழில் இழக்கிறார். கிட் போட்டுக் கொடுத்தவர் பேர் வாங்குறார். பட்டறையைக் கெடுத்தது பாதி நாமதான்.

கண்காட்சியில போய்ப் பாருங்க. நடுவர்கள் பம்பரைத் தடவுறாங்க, தையலை எண்ணுறாங்க, கடிகாரம் ஓடுதான்னு பார்க்குறாங்க. சக்கரத்துக்குப் பின்னால குனிஞ்சு ஹோஸைப் பார்க்குறவரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. வண்டியைச் சாமி மாதிரி அலங்காரம் பண்றோம். சரிதான். ஆனா தேர் இழுக்குற ஊர்க்காரங்க அலங்காரத்துக்கு முன்னால என்ன பண்ணுவாங்க தெரியுமா? சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுற ஆளை நிறுத்துவாங்க. தேரை நிறுத்தத் தெரியாதவனுக்கு இழுக்குற உரிமை இல்லைங்கறது நம்ம பாட்டன் முப்பாட்டனுக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, திட்டினது போதும். செய்ய வேண்டியதைச் சுருக்கமா சொல்லிடறேன்.

1. வண்டி புதுசா உங்க கைக்கு வந்தா, முன்னாடி வெச்சிருந்தவர் என்ன சத்தியம் பண்ணினாலும், எல்லா சிலிண்டரையும் ஒரு தடவை கழட்டிப் பார்க்காம நெடுஞ்சாலைக்கு எடுக்காதீங்க.

2. குழி இருந்தா புது சிலிண்டர் அல்லது ஸ்லீவ். நடுவுல வேற வழி கிடையாது.

3. ஹோஸ் எப்போ மாத்தினதுன்னு தெரியலைன்னா, அத்தனையும் மாத்துங்க. கிளட்ச் ஹோஸ் உட்பட.

4. பழைய சிலிண்டரைக் கையோட வாங்கிக்கோங்க. "எங்கண்ணே பழசு?"ன்னு கேட்டாலே பாதி திருட்டு நிக்கும்.

5. எண்ணெயை ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மொத்தமா மாத்துங்க. பிரிச்சு வெச்ச பழைய டின்ல மிச்சம் இருக்கிறது வேண்டாம், அதுவும் ஈரம் இழுத்திருக்கும். பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க, இல்லைன்னா பெயின்ட் உரியும்.

6. பெடல் நீளமா போகுதுன்னா முதல்ல ஷூவை டைட் வைங்க, அப்புறம் ஏர் எடுங்க. ஷூ லூசா இருக்கிறதுக்கு சிலிண்டரைக் குத்தம் சொல்ல முடியாது.

7. வேலை முடிஞ்சதும் நின்ன இடத்துலயே பெடலை ஓங்கி மிதிச்சு ஒரு நிமிஷம் அப்படியே புடிங்க. கொஞ்சம்கூட இறங்கக் கூடாது. இன்னொரு ஆள் டார்ச் அடிச்சு ஒவ்வொரு நட்டையும் பார்க்கட்டும். அதுக்கப்புறம்தான் கேட்டைத் திறக்கணும்.

பழைய வண்டி வெச்சிருக்கிறது நம்ம ஆசை. அதுக்குச் செலவு பண்றதும் கஷ்டப்படுறதும் நம்ம இஷ்டம். ஆனா ரோட்டைக் கடக்குற ஸ்கூல் புள்ளைக்கும், முன்னால மொபெட்ல போற பால்காரருக்கும் நம்ம ஆசையில பங்கு கிடையாது. நம்ம வண்டி நிக்கும்னு நம்பித்தான் அவங்க வீட்டை விட்டுக் கிளம்புறாங்க. "கிட் மட்டும் மாத்தினா போதும் சார்"னு அடுத்த தடவை யாராவது சொன்னா, "யாருக்குப் போதும்?"னு திருப்பிக் கேளுங்க.

பி.கு.: "இவன் வண்டியில மட்டும் எல்லாம் ஒழுங்கா இருக்கா?"ன்னு கேக்குறவங்க எந்த ஞாயித்துக்கிழமை வேணும்னாலும் வீட்டுக்கு வரலாம். பானெட்டைக் கவிழ்த்துக் காட்டறேன். காபி உண்டு. வர்றப்போ உங்க வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க, அதோட டிரம்மையும் கழட்டிப் பார்த்துடுவோம் :-)